வடாமுக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பளத்துக்காவது அப்பளக்காரம் சேர்க்கிறோம். கூழ் வடாமில் அரிசி மாவு, உப்பு, பச்சை மிளகாய், பெருங்காயம், எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். சோடா மாவு கிடையாது, ஈஸ்ட் கிடையாது. அப்படியிருக்க, எண்ணெயில் போட்டதும் மூன்று மடங்கு உப்புவது எப்படி? சில வருஷம் மட்டும் உப்பாமல் பல்லை உடைக்கிறதே, அது ஏன்?"

மொட்டை மாடிகளில் பழைய வேட்டி விரிக்கிற காலத்தில் வந்திருக்கும் நல்ல கேள்வி. இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான்: தண்ணீர். காய்ந்த வடாமில் தண்ணீர் ஏது என்று தோன்றும். இருக்கிறது. நன்றாகக் காய்ந்து, ஒடித்தால் படக்கென்று ஒடிகிற 100 கிராம் வடாமில் ஏறக்குறைய 10 கிராம் தண்ணீர் உண்டு. கைக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. அந்த 10 கிராமும் போய்விட்டால் வடாம் பொரியவே பொரியாது.

கூழ் கிளறுவதிலிருந்து வருவோம். அரிசி மாவில் ஸ்டார்ச் சின்னச் சின்ன மணிகளாக இருக்கிறது. தண்ணீரோடு சேர்த்துச் சூடாக்கினால் 70 டிகிரி செல்சியஸை ஒட்டி அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கி, குலைந்து, உள்ளே சுருண்டு கிடந்த நீள நீளமான மூலக்கூறுகள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பள்ளிக்கூடத்தில் படித்த அமைலோஸ், அமைலோபெக்டின் இரண்டும்தான் அவை. கூழ் கெட்டியாவதும், பளபளப்பதும், கண்ணாடி போலத் தெளிவதும் இதனால்தான். தண்ணீர் தொட்ட விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது என்று வீட்டில் சொல்கிற பதம், மணிகள் எல்லாம் உடைந்துவிட்டன என்பதற்கு அடையாளம். அரைவேக்காட்டுக் கூழில் உடையாத மணிகள் அப்படியே தங்கிவிடும். அவற்றுக்கு இந்தப் பின்னலில் இடமில்லை. அந்த வடாம் காயும்போதே விரிசல் விட்டு உதிரும்.

உப்பு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளர் மாவுக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வைத்துக் கிளறினால் கூழில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அதாவது 100 கிராம் கூழ் காய்ந்து சுமார் 22 கிராம் வடாமாகும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு எங்கும் போகாது. ஆகவே கூழில் நாக்குக்குத் தெரிகிற உப்பு, வடாமில் நாலரை மடங்கு ஏறியிருக்கும். கூழை ருசி பார்த்து "உப்பு சரியாக இருக்கிறது" என்று பிழிந்தால் கதை முடிந்தது. கூழ் கொஞ்சம் சப்பென்று இருக்கவேண்டும்.

அப்புறம் வெயில். வடாமுக்கு வேண்டியது சூடு மட்டுமில்லை, காய்ந்த காற்று. வடாமின் மேல்பரப்பிலுள்ள தண்ணீரைக் காற்று எடுத்துப் போகும், உள்ளே இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்ல மேலே கசிந்து வரும். இந்தக் கசிவுதான் நேரத்தைத் தின்கிறது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். ஓமப்பொடி அச்சில் பிழிந்தது சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட, கரண்டியால் தடியாக ஊற்றிய ஜவ்வரிசி வடாம் மூன்றாம் நாளும் நடுவில் பிசுபிசுப்பது இந்தக் கணக்கால்தான். ராத்திரி உள்ளே எடுத்துவைப்பதும் வெறும் பனிக்குப் பயந்து செய்கிற காரியமில்லை. பகலில் மேல்தோல் இறுகிவிடும், உள் ஈரம் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். இரவில் அந்த ஈரம் வடாம் முழுக்கப் பரவித் தோலை மறுபடி இளக்கும். மறுநாள் வெயில் அதை எடுத்துக்கொள்ளும். நெல்லை யந்திரத்தில் உலர்த்துகிறவர்களும் இடையிடையே ஓய்வு விடுவது இதற்காகத்தான்.

கத்திரி வெயிலில் போட்டால் இன்னும் நன்றாக வருமா என்றும் சிலர் கேட்கிறார்கள். என் ஓட்டு மாசிக் கடைசிக்கும் பங்குனிக்கும்தான். ஜனவரி முதல் மார்ச் வரை தமிழ்நாட்டில் மழை மிகக் குறைவு. சித்திரை, வைகாசியில் உள்மாவட்டங்களில் மாலை நேரம் இடியோடு கோடை மழை வந்து வேட்டியோடு நனைத்துவிடும். மேலும், அக்னி நட்சத்திரம் என்பது பஞ்சாங்கக் கணக்கு. வெயில் அதைப் பார்த்து அடிப்பதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. அப்போது கத்திரி விடைபெற்று விட்டிருந்தது!

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

பாதி காய்ந்த வடாமைத் திருடித் தின்றிருக்கிறீர்கள்தானே? மேலே தோல், உள்ளே கூழ், கடித்தால் இழுபடும். முழுதும் காய்ந்த வடாம் இழுபடாது, ஒடியும். இடையில் என்ன நடந்தது? தண்ணீர் குறைந்ததால் கெட்டியாகிவிட்டது என்பது பாதி விடை. ஸ்டார்ச்சின் நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே தண்ணீர் மூலக்கூறுகள் புகுந்திருக்கும்வரை அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர முடியும். பொருள் ரப்பர் மாதிரி வளையும். தண்ணீர் வெளியேற வெளியேற நகர்வதற்கு இடம் போய்விடும். ஏறக்குறைய 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும், சாதாரண அறையின் சூட்டில் அந்த மூலக்கூறுகள் நின்ற இடத்திலேயே உறைந்துவிடுகின்றன. பனிக்கட்டி போல அடுக்கடுக்காக ஒழுங்காக உறைவதில்லை. சிக்கலாகக் கிடந்தவை சிக்கலாகவே நின்றுவிடுகின்றன. இப்படி ஒழுங்கில்லாமல் உறைந்த திடப்பொருளுக்கு இயற்பியலில் கண்ணாடி என்றே பெயர். ஜன்னல் கண்ணாடி மணலிலிருந்து வந்தது, வடாம் அரிசியிலிருந்து வந்தது. இரண்டும் ஒளியை விடும், இரண்டும் படக்கென்று உடையும். நம் மொட்டை மாடியில் கண்ணாடித் தொழிற்சாலை நடக்கிறது என்று நான் சொன்னால் அது உவமை இல்லை.

கண்ணாடியைச் சூடாக்கினால் திடீரென்று உருகி ஓடாது, முதலில் இளகும். எந்தச் சூட்டில் இளகும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர். தண்ணீர் அதிகமானால் குறைந்த சூட்டிலேயே இளகும். தண்ணீரே இல்லையென்றால் இளகுவதற்கு முன்னால் கருகிவிடும். 10 சதவீதத்தில் இருக்கும் வடாமின் இளகும் சூடு, அறை வெப்பநிலைக்கு நன்றாக மேலே, காய்ந்த எண்ணெயின் 180, 190 டிகிரிக்கு நன்றாகக் கீழே. இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

இப்போது வடாமை எண்ணெயில் போடுங்கள். மெல்லிய பொருள் என்பதால் ஓரிரு நொடிக்குள் உள்வரை சூடேறுகிறது. முதலில் கண்ணாடி இளகி ரப்பராகிறது. அதே நேரம் உள்ளிருக்கும் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டுகிறது. ஆனால் சுற்றிலும் இடைவெளியில்லாத ஸ்டார்ச், ஆவி போக வழியில்லை. கூழ் கிளறும்போது மாட்டிக்கொண்ட, கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் உள்ளே ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஆவி அவற்றுக்குள் புகுந்து அழுத்துகிறது. சுவரோ இளகியிருக்கிறது. குமிழி விரிகிறது, பக்கத்துக் குமிழியும் விரிகிறது, மொத்த வடாமும் நம் கண்ணெதிரே நெளிந்து, புரண்டு, மூன்று மடங்காகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு வடாம் 2 கிராம் என்றால் அதில் தண்ணீர் 0.2 கிராம், அதாவது நாலைந்து சொட்டு. தண்ணீர் ஆவியானால் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். நாலைந்து சொட்டுக்கு 300 மில்லிக்கு மேல் நீராவி! ஒரு டம்ளர் நிரம்பி வழியும். இதில் பெரும்பங்கு எண்ணெய்க்குள் குமிழிகளாகத் தப்பித்துவிடுகிறது. 'சொர்ர்' என்று கேட்கிற சத்தம் அதுதான். உள்ளே சிக்கிய கொஞ்சம்தான் வடாமை ஊதுகிறது.

ஊதியது சரி, மறுபடி சுருங்கிவிடாதா? கண்ணாடி ஊதுகிறவர் குழாயில் ஊதியதும் காற்றில் ஆறவைத்து உருவத்தை நிறுத்துவார். வடாம் கொதிக்கிற எண்ணெய்க்குள் கிடக்கிறது, அங்கே எப்படி ஆறும்? ஆறவே வேண்டாம் என்பதுதான் இதிலுள்ள அழகு. ஆவி வெளியே போகப் போக ஸ்டார்ச்சில் தண்ணீர் குறைகிறது. தண்ணீர் குறைந்தால் இளகும் சூடு ஏறுகிறது. 10 சதவீதத்தில் இளகியிருந்த சுவர், இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறங்கும்போது அதே எண்ணெயில், அதே சூட்டில் மறுபடி கண்ணாடியாக இறுகிவிடுகிறது. இளக்கியதும் தண்ணீர், ஊதியதும் தண்ணீர், போய்விட்டதன் மூலம் நிறுத்தியதும் தண்ணீர். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

தெளிவாக இருந்த வடாம் பொரிந்ததும் வெள்ளையாவதற்கும் தனி விளக்கம் தேவையில்லை. ஆயிரம் குமிழிச் சுவர்களில் ஒளி பட்டுச் சிதறுகிறது, அவ்வளவுதான்.

வாசகியின் இரண்டாவது கேள்விக்கும் இப்போது வழி திறந்துவிட்டது. எண்ணெய் சரியாகக் காயவில்லை என்றால் சூடு மெதுவாக ஏறும். ஸ்டார்ச் இளகி, அழுத்தம் சேர்வதற்குள் தண்ணீர் மெல்லக் கசிந்து தப்பிவிடும். வடாம் எண்ணெயைக் குடித்துக்கொண்டு கடினமாகவே கிடக்கும். வடாமில் ஈரம் மிச்சமிருந்தால் சுவர் மிக இளகி, ஆவியைத் தாங்காமல் கிழிந்து அமுங்கும். நடுவில் மெத்தென்று ரப்பராகவும் நிற்கும். மழைக்காலத்தில் டப்பா மூடி தளர்ந்திருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு நல்ல வடாமும் இப்படி ஆகிவிடும். "பொரிக்கிறதுக்கு முன்னால் ஒரு வெயில் காட்டு" என்று பாட்டிகள் சொல்வது இதற்குத்தான். மாறாக, அடுப்பு அனலிலோ மின் அடுப்பிலோ அளவுக்கு மீறிக் காய்ச்சியிருந்தால் ஊதுவதற்குத் தண்ணீரே இருக்காது. மாடி வெயிலில் அந்த ஆபத்து குறைவு. உச்சிவெயில் காற்றிலும் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்கிறது. ஸ்டார்ச் அதோடு சமநிலைக்கு வந்து, 10 சதவீதத்தைச் சுற்றி நின்றுகொள்ளும்.

ஜவ்வரிசி வடாம் அரிசி வடாமைவிடத் தாராளமாகப் பொரிவதைக் கவனித்திருப்பீர்கள். நம் கடைகளில் கிடைப்பது சேலம் பக்கத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்தது. அதில் அமைலோஸ் குறைவு, கிளைகிளையான அமைலோபெக்டின் அதிகம். அமைலோபெக்டின் மிகுந்த பின்னல் நன்றாக விரிந்து கொடுக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. மாதவிலக்கு நாளில் பெண்கள் தொட்டால், பார்த்தால்கூட, வடாம் சிவந்துவிடும் என்று இன்றும் நம்புகிற வீடுகள் இருக்கின்றன. சிவப்பது உண்மை, காரணம்தான் பொய். ஊறிய அரிசியோ அரைத்த மாவோ வெக்கையில் அதிக நேரம் கிடந்தால் நுண்ணுயிரிகள் ஸ்டார்ச்சை உடைத்துச் சர்க்கரையாக்கும். மேகமூட்டத்தில் இரண்டு நாள் ஈரமாகவே கிடந்த வடாமிலும் இதே வேலை நடக்கும். அந்தச் சர்க்கரையும் அரிசியிலுள்ள புரதத்தின் அமினோ அமிலங்களும் எண்ணெய்ச் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறம் கொடுக்கும். மெயிலார்டு வினை என்று பெயர். தோசை முறுகலுக்கும் பூரி நிறத்துக்கும் அதுதான் காரணம். புளிப்பு இருந்தால் இந்த வினை மட்டுப்படும். எலுமிச்சைச் சாறு பிழிந்த வடாம் வெள்ளையாக வருவதில் அதற்கும் பங்குண்டு. மாவை வெக்கையில் கிடக்கவிட்டது ஒருவர், மூலையில் உட்காரவைக்கப்பட்டது இன்னொருவர். எத்தனை வீட்டில் எத்தனை வருஷம் இந்த அநியாயம் நடந்திருக்கும்!

உணவுப் பொருள்களைக் கண்ணாடியாகப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை 1980களில் பரவலாக்கியவர்கள் லூயிஸ் ஸ்லேட், ஹாரி லெவின் என்ற இருவர். அமெரிக்க உணவு நிறுவன ஆய்வுக்கூடங்களில் வேலை செய்தவர்கள். பிஸ்கட் ஏன் நமத்துப் போகிறது என்பது அந்த நிறுவனங்களுக்குக் காசு சம்பந்தப்பட்ட கேள்வி, ஆகவே பணம் போட்டார்கள். மைசூரில் நமக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, தஞ்சாவூரிலேயே ஒரு தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆய்வுப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் ஒரு மாணவி தலைப்பில் 'வடாம்' என்று எழுதினால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்காமல் இருக்கவேண்டும் என்பதே என் ஆசை. மகளிர் குழுக்கள் எத்தனையோ இதை நம்பிப் பிழைக்கின்றன. மேகமூட்டமான நாளிலும் அவர்கள் வேலை நிற்காமலிருக்க மலிவான சூரிய உலர்த்திகள் ஊருக்கு ஊர் போய்ச் சேர்வதற்கு, ராக்கெட்டுக்குச் செலவிடுவதில் ஒரு துளி போதும்.

கடைசியாக, பொரித்த வடாம் நமத்துப் போவது. அதுவும் இதே கதைதான், பின்னோக்கி. கடற்காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்ட மெல்லிய சுவர்கள் கண்ணாடி நிலையை விட்டு இளக ஆரம்பிக்கின்றன. தூக்கிப்போட வேண்டாம். வெறும் வாணலியைச் சூடாக்கி, சிறு தீயில் ஒரு நிமிஷம் புரட்டி எடுத்து ஆறவிடுங்கள், மொறுமொறுப்பு திரும்பிவிடும். எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் காய்ந்த வடாமை மைக்ரோவேவில் வைத்தும் பொரிக்கலாம். அந்தக் கருவி வடாமின் உள்ளிருக்கும் தண்ணீரையே நேரடியாகச் சூடாக்குகிறது, மீதி எல்லாம் அதேபடி நடக்கும். ருசி எப்படி என்று கேட்காதீர்கள். பழைய சோற்றுக்கும் வத்தக்குழம்புக்கும் நான் எண்ணெயில் பொரித்ததைத்தான் தொட்டுக்கொள்வேன்.