நடுவே சாவு, விளிம்பில் உயிர்

மொசைக் வைரஸை எதிர்க்கும் மரபணு உள்ள புகையிலைச் செடி. அதன் இலையில் அந்த வைரஸைத் தேய்த்துவிட்டு, சில நாள் கழித்துப் பாருங்கள். அங்கங்கே சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள்; சுற்றிலும் இலை பச்சைப்பசேல் என்றே இருக்கும். புள்ளியைப் பார்த்தால் நோய் என்றுதான் தோன்றும். ஆனால் நோய் மேலே நகர முடியாமல் நின்ற இடம் அது. கிருமி புகுந்த செல்களைச் செடியே சாகவிட்டிருக்கிறது. கோதுமைத் துரு நோயை ஆராய்ந்த ஸ்டேக்மன், 1915-லேயே இதற்கு 'மிகையுணர்வு' என்று பேர் வைத்தார்.

செடிக்குள் ரோந்து சுற்றும் வெள்ளணுக்கள் கிடையாது. அவரவர் வீட்டை அவரவரே காக்க வேண்டும். கிருமியின் கைவரிசையைச் செல்லுக்குள் இருக்கும் காவல் புரதங்கள் கண்டுகொண்டதும், அவற்றில் சில சக்கரம் போல ஒன்றுகூடிச் செல்சவ்வில் துளையாகின்றன. அதன் வழியே கால்சியம் உள்ளே பாய்கிறது. அப்புறம் அந்தச் செல் அதிக நேரம் தாங்காது.

சரி, இந்தச் சாவு ஏன் இலை முழுக்கப் பரவுவதில்லை? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். பதில், ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவான சாலிசிலிக் அமிலத்தில் இருக்கிறது. புகையிலைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மொசைக் வைரஸை அது எதிர்த்து நிற்கிறது என்று 1979-லேயே தெரிந்துவிட்டது. செடி தானே சுரக்கும் ஹார்மோனான சாலிசிலிக் அமிலம், புள்ளியின் நடுவில் மிக அதிகம். விளிம்புக்குப் போகப்போகக் குறைவு. என்பிஆர்1 என்ற புரதம்தான் செல்லை உயிரோடு வைத்திருக்கப் பார்க்கிறது. ஹார்மோன் மிஞ்சிய நடுப்பகுதியில் அந்தப் புரதமே சிதைக்கப்படுகிறது, செல் சாகிறது. அளவாக இருக்கும் விளிம்பிலோ என்பிஆர்1 நிலைத்துத் திரள்திரளாகச் சேர்கிறது. சாவைத் தூண்டும் புரதங்களை அந்தத் திரள்களுக்குள் இழுத்துப்போட்டு அழிக்க வழிசெய்கிறது. ஆக ஹார்மோன் ஒன்றேதான், அளவுதான் வேறு.

எல்லாக் கிருமிக்கும் இந்த உத்தி எடுபடாது. சாம்பல் பூஞ்சணத்துக்குச் செத்த செல்தான் தீனி. சாகவிட்டால் அதற்குப் பந்தி வைத்தது போலாகும். அதனால் அங்கே ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் என்ற வேறு இரண்டு செடி ஹார்மோன்கள் முன்னுக்கு வருகின்றன. ஜாஸ்மோனிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடக்கும். இதைச் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் சில வகைகள் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. உயிருள்ள செல்லில் வளரும் அவை, ஜாஸ்மோனிக் அமிலம் போலவே நடிக்கும் கொரோனாட்டின் என்ற போலிப் பொருளைச் சுரக்கின்றன. செடி ஏமாந்து சாலிசிலிக் அமிலத்தைக் குறைக்கிறது. கிருமியைக் கண்டு மூடிய இலைத்துளைகளும் மறுபடி திறந்துகொள்கின்றன.