பிள்ளைகளுக்கும் பி.பி. பாருங்கள்: தென்னாப்பிரிக்காவில் நமக்குள்ள உரிமை

அக்கா மகனுக்கு 11 வயது. தோல் அரிப்புக்கு மருந்து வாங்க டர்பனில் ஓர் அரசு கிளினிக்குக்குப் போயிருந்தோம். அக்கா, அத்தான் இருவருமே பி.பி. மாத்திரை போடுகிறவர்கள். அதனால் "இவனுக்கும் ஒரு தடவை பார்த்துடுங்க சிஸ்டர்" என்றேன். பெரியவர்களுக்கான பட்டையை எடுத்து அவன் குச்சிக் கையில் சுற்றினார்கள். பி.பி. சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

அந்த அளவை நம்ப முடியாது. பட்டை கைக்குப் பெரிதாக இருந்தால் அழுத்தம் குறைவாகக் காட்டும், நோய் மறைந்துபோகும். பருமனான பிள்ளைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத நோயைக் காட்டும். "பிள்ளைகளுக்கான பட்டை இருக்கிறதா?" என்று தயங்காமல் கேளுங்கள். அளக்கும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காரட்டும், கால் தரையில் பதியட்டும். ஒருநாள் அளவு கூடியிருப்பதை வைத்தே நோய் என்று சொல்லிவிட மாட்டார்கள், வெவ்வேறு மூன்று நாள் பார்க்க வேண்டும். 13 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 130/80-ஐத் தொட்டால் அதிகம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்து அட்டவணையில்தான் பார்க்க முடியும்.

மூன்று வயதிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. உடல் பருமன், சிறுநீரகக் கோளாறு, குறைமாதப் பிறப்பு, பெற்றோருக்கு பி.பி. இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டாயம் பாருங்கள். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே இருக்கும்.

இதற்குப் பணம் கட்ட வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 4-ஆம் பிரிவின்படி அரசு கிளினிக்கில் முதல்நிலை மருத்துவம் இலவசம். மெடிக்கல் எய்டில், அதாவது தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆறு வயது நிரம்பாத பிள்ளைக்கு அரசு மருத்துவமனையிலும் கட்டணமில்லை. அதைவிடப் பெரிய பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பினால் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, ஆகவே வருமானச் சான்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொரு சட்டமும் நம் பிள்ளைகளுக்காக வேலை செய்கிறது. ரொட்டி, சிப்ஸ், நூடுல்ஸ், சாசேஜ் போன்றவற்றில், உப்பில் இருந்து பி.பி.யை ஏற்றும் சோடியம் எவ்வளவு இருக்கலாம் என்று 2013-இல் விதி வந்தது. 2016-இல் முதல் வரம்பு, 2019-இல் இன்னும் இறுக்கமான வரம்பு. இப்போது 100 கிராம் ரொட்டியில் 380 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, பொடியோடு வரும் நூடுல்ஸில் 800. நல்ல விதிதான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 70 கிராம் நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றில், விதியை மீறாமலே, 560 மில்லிகிராம் சோடியம் இருக்கலாம். உப்பாகச் சொன்னால் ஏறக்குறைய 1.4 கிராம். பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி விட்டு வந்ததும் இரண்டு பொட்டலம் வேகவைத்துச் சாப்பிடும் பையன்களை எனக்கே தெரியும். பொடியில் பாதியை மட்டும் போட்டுக் கொடுங்கள்.

கடையில் உப்புத் தூவித் தரும் ஸ்லாப் சிப்ஸ் என்ற மெத்தென்ற உருளைக்கிழங்கு வறுவலும், பன்னி சவ் என்ற குடைந்த ரொட்டிக்குள் ஊற்றும் கறியும், வீட்டு மாங்காய் அச்சாரும் (ஊறுகாய்) இந்த விதிக்குள் வராது. அச்சாரை அக்கா இப்போது மேசையில் வைப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு மட்டும் எடுக்கிறாள். அக்கா மகனுக்குச் சின்னப் பட்டையில் மறுபடி பார்க்க அடுத்த செவ்வாய் போகிறோம்.