நாற்காலி யாருக்கு? அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஆட்சியில் சட்டமன்றக் குழுக்கள் வேலை செய்யும் விதம்

1999 டிசம்பர் 2 அன்று வட அயர்லாந்தின் நிர்வாகம் லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு வந்தது. புதிய கல்வி அமைச்சர் ஷின் ஃபெயின் கட்சியின் மார்ட்டின் மெக்கின்னஸ். ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுத இயக்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். அவருடைய துறையைக் கண்காணிக்கும் சட்டமன்றக் குழுவுக்குத் தலைவர் டேனி கென்னடி. அந்த இயக்கம் யாரை எதிர்த்துப் போரிட்டதோ அந்த யூனியனிஸ்ட் தரப்பைச் சேர்ந்தவர், அதாவது பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்பவர். துணைத் தலைவர் சாமி வில்சன், அதைவிடவும் கடுமையான யூனியனிஸ்ட் கட்சிக்காரர். நேற்றுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். இனி அமைச்சர் அந்த அறைக்குப் போய் அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இது தற்செயலாக நடந்ததல்ல. அப்படித்தான் நடக்க வேண்டும் என்று யோசித்தே விதி எழுதியிருந்தார்கள்.

நமக்குப் பழக்கமான ஆட்சிமுறையில் பெரும்பான்மை பெற்றவர் ஆள்வார், மற்றவர் எதிர்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். வட அயர்லாந்தில் அந்த முறை 1921 முதல் 1972 வரை இருந்தது. யூனியனிஸ்டுகள் பெரும்பான்மை என்பதால் ஒவ்வொரு தேர்தலிலும் அவர்களே வென்றார்கள். அயர்லாந்தோடு இணைய விரும்பிய கத்தோலிக்க தேசியவாதிகளுக்கு ஆட்சிக்கு வர வழியே இல்லாமல் போனது. அதன் விளைவு முப்பது ஆண்டு ரத்தம். 1998 ஏப்ரலில் கையெழுத்தான பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம் இதை அடியோடு மாற்றியது. இனி ஒரு தரப்பு மட்டும் ஆள முடியாது, போதிய இடம் பெற்ற கட்சிகள் எல்லாமே அமைச்சரவையில் உட்காரும் என்றது.

சரி, எல்லாரும் ஆட்சியில் இருந்தால் கேள்வி கேட்பது யார்? முறையான எதிர்க்கட்சி என்ற ஏற்பாடே 2016இல்தான் சட்டமாக வந்தது. அதுவரைக்கும், ஓரளவுக்கு இன்றைக்கும், அந்த வேலையைச் செய்வது குழுக்கள்தான். ஒவ்வொரு துறைக்கும் ஒரு குழு. இப்போது ஒன்பது துறைகள், ஒன்பது குழுக்கள். ஒவ்வொன்றிலும் ஒன்பது உறுப்பினர்கள், கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப.

குழுக்களுக்கு என்னென்ன அதிகாரம் என்ற பட்டியலுக்குப் போகும் முன், தலைவர் நாற்காலியை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். என் பார்வையில் மொத்த ஏற்பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

1878இல் விக்டர் டி'ஹோண்ட் என்ற பெல்ஜியக்காரர் சொன்ன வகுத்தல் முறை இது. முதலில் இதை வைத்து அமைச்சர் பதவிகளைப் பங்கிடுகிறார்கள். ஒவ்வொரு கட்சியும் பெற்ற இடங்களை 1ஆல் வகுக்கவும். யாருடைய எண் பெரியதோ அவருக்கு முதல் தேர்வு. தேர்வு செய்தவரின் இடங்களை அடுத்து 2ஆல் வகுக்கவும், அப்புறம் 3ஆல். ஒவ்வொரு சுற்றிலும் பெரிய எண் வைத்திருப்பவருக்கு அடுத்த தேர்வு. 2022 தேர்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஷின் ஃபெயின் 27, கடுமையான யூனியனிஸ்ட் கட்சியான டி.யு.பி. 25, எந்தத் தரப்பையும் சேராத அலையன்ஸ் 17, அல்ஸ்டர் யூனியனிஸ்ட் 9, தேசியவாதிகளின் மிதவாதக் கட்சியான எஸ்.டி.எல்.பி. 8. முதல் மூன்று தேர்வு 27, 25, 17 என்று போகும். பிறகு ஷின் ஃபெயினுக்கு 27ஐ 2ஆல் வகுத்து 13.5, டி.யு.பி.க்கு 12.5. அடுத்து ஷின் ஃபெயினுக்கு 9, அல்ஸ்டர் யூனியனிஸ்டுக்கும் 9. எட்டாவதும் கடைசியுமான இடம் அலையன்சுக்கு, 17ஐ 2ஆல் வகுத்த 8.5க்கு. எஸ்.டி.எல்.பி.யிடம் இருந்தது 8. அரை எண் இடைவெளியில் அமைச்சர் பதவி கைநழுவியது. 2024 பிப்ரவரியில் அரசு அமைந்தபோது அந்தக் கட்சி எதிர்வரிசைக்குப் போனது.

மன்றத்தின் வாக்கெடுப்பில் நிரப்பப்படும் நீதித்துறை அமைச்சர் பதவியைத் தவிர, இதில் யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பேரமும் இல்லை. பெரும்பான்மை நினைத்தாலும் இன்னொருவரின் முறையைத் தட்டிப் பறிக்க முடியாது.

குழுத் தலைவர் பதவிகளுக்கும் இதே முறைதான், ஆனால் கூடவே ஒரு விதி உண்டு. தன் கட்சியின் அமைச்சர் இல்லாத துறையின் குழுவையே கட்சிகள் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024இல் பொருளாதாரத் துறை ஷின் ஃபெயினிடம் போனது, அதன் குழுவுக்குத் தலைவர் டி.யு.பி.யிலிருந்து வந்தார். கல்வித் துறை டி.யு.பி.யிடம், குழுத் தலைமை அலையன்சிடம். வேளாண்மைத் துறை அலையன்சிடம், குழு அல்ஸ்டர் யூனியனிஸ்டுகளிடம்.

நாற்காலியை இப்படி வகுத்தல் கணக்குக்கு விடாமல் வாக்கெடுப்புக்கு விட்டால் என்ன ஆகும்? அதற்கு வட அயர்லாந்துக்குப் போக வேண்டாம், இலங்கையின் வரலாறே போதும். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு உறுப்பினரும் ஏதாவது ஒரு குழுவில் இருப்பார். குழு தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும், அவரே அந்தத் துறையின் அமைச்சர். ஆட்சியில் எல்லாருக்கும் பங்கு கிடைக்கட்டும் என்ற நல்ல நோக்கம்தான். முதல் அமைச்சர் வாரியத்தில் தமிழரான பெரி சுந்தரம், முஸ்லிமான மாக்கான் மாக்கார் ஆகியோருக்கும் இடம் கிடைத்தது.

1936இல் கதை மாறியது. ஒரு குழுவில் ஏறத்தாழ எட்டுப் பேர் என்று வையுங்கள். ஐந்து பேர் ஒரே பக்கம் இருந்தால் தலைவர் அவர்கள் ஆள். ஏழு குழுவுக்கும் சேர்த்து 35 பேர். சபையில் அந்த அளவு பலம் உள்ள தரப்பு தன் ஆட்களைச் சரியாகப் பிரித்து உட்கார வைத்தால், ஏழு நாற்காலியும் அதற்கே. அப்படியே நடந்தது. ஏழு அமைச்சர்களும் சிங்களவர்கள். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்று பரவலாகச் சொல்வார்கள். 1942இல் அருணாசலம் மகாதேவா உள்துறை அமைச்சராகும் வரை வாரியத்தில் ஒரு தமிழரும் இல்லை. அதற்குள், பாதி இடங்கள் சிங்களவருக்கு, பாதி மற்ற எல்லாச் சமூகங்களுக்கும் என்ற ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையோடு தமிழர் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் எழுந்து நின்றுவிட்டார். தமிழர், முஸ்லிம்களின் மனத்தில் அந்த வாரியம் விதைத்த அவநம்பிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இலங்கைக் குழுக்களுக்கு அதிகாரம் குறைவில்லை, வட அயர்லாந்துக் குழுக்களைவிட அதிகமே இருந்தது. பிழை தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விதியில் இருந்தது.

இனி வட அயர்லாந்துக் குழுக்களின் அதிகாரம். ஒரு மசோதா சட்டமன்றத்தில் இரண்டாம் கட்டம் தாண்டியதும் குழுவுக்கு வரும். 30 வேலை நாள் அவகாசம், தேவைப்பட்டால் சட்டமன்றம் நீட்டித்துத் தரும். அந்த நாட்களில் குழு விவசாயி, ஆசிரியர், தொழிற்சங்கம் என்று சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிட்டுக் கேட்கும். பிரிவு பிரிவாகப் படித்துத் திருத்தம் பரிந்துரைக்கும். மசோதாவைத் தானே திருத்திவிட முடியாது, அது முழு மன்றத்தின் வேலை. ஆனால் குழுவின் அறிக்கையைப் படிக்காமல் யாரும் அந்த விவாதத்துக்கு வர மாட்டார்கள். துறையின் பட்ஜெட்டைப் பார்ப்பது, அமைச்சர் கொண்டுவரும் விதிமுறைகளைப் பரிசீலிப்பது, சொந்தமாக விசாரணை தொடங்குவது எல்லாம் உண்டு. குழுவே மசோதா கொண்டுவரவும் செய்யலாம். 2016இல் வந்த பொதுச்சேவை குறைகேள் அதிகாரி சட்டம் ஒரு குழு கொண்டுவந்த மசோதாதான்.

எல்லாவற்றையும்விடக் கூர்மையானது ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம். முறையான அழைப்பாணைக்குப் பிறகும் வர மறுப்பது குற்றம், அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். முழு மன்றத்தில் 30 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் ஒரு முடிவுக்கு இரு தரப்பின் ஆதரவும் வேண்டும் என்று நிறுத்திவைக்க முடியும். குழு அறையில் அந்தத் தடை இல்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும்.

ஆனால் சட்டத்தில் குழுவின் பணி அமைச்சருக்கு ‘ஆலோசனை சொல்லி உதவுவது’ என்றே இருக்கிறது. ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டும் என்று இல்லை. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெல்ஃபாஸ்டின் மகப்பேறு மருத்துவச் சேவையை எந்த மருத்துவமனையில் வைப்பது என்ற கேள்வி எழுந்தது. சுகாதாரக் குழு சிட்டி மருத்துவமனை என்றது, சட்டமன்றமும் அதையே சொன்னது. அமைச்சர் பர்ப்ர தெ ப்ரூன் ராயல் மருத்துவமனை என்று முடிவெடுத்தார். ஒவ்வொரு அமைச்சரும் தன் துறையில் ஏறக்குறைய தனி அரசர் என்பதை எல்லாரும் அன்று கண்டார்கள்.

இன்னொரு பலவீனம் அதைவிட ஆழமானது. துறை என்ன தாளைக் கொடுக்கிறதோ அதைத்தான் குழு முதலில் பார்க்கிறது. 2012இல் மரக்கட்டைத் துகள் எரிக்கும் கொதிகலன்களுக்கு மானியம் தரும் திட்டம் வந்தது. எரிபொருளுக்கு ஒரு பவுண்டு செலவழித்தால் சுமார் 1.60 பவுண்டு மானியம் கிடைக்கும்படி அதன் கணக்கு அமைந்துவிட்டது. உச்சவரம்பும் இல்லை. எரிக்க எரிக்க லாபம். பிரிட்டனின் மற்ற பகுதிகளில் இருந்த இதேபோன்ற திட்டத்தில் பயன்பாடு கூடினால் மானியம் குறையும்படி படிநிலை வைத்திருந்தார்கள். அந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்டிருந்தால் போதும். விதிமுறைகள் குழுவின் கையைத் தாண்டித்தான் போயின, ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. 2016இல் தணிக்கை அறிக்கை வந்த பிறகு பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளை வரிசையாகக் கூப்பிட்டு விசாரித்தது. அதற்குள் திட்டத்தை மூடியிருந்தார்கள், இருபது ஆண்டுக் கடப்பாடு மட்டும் மிச்சம்.

அந்த விவகாரத்தில் 2017 ஜனவரி 9 அன்று மெக்கின்னஸ் பதவி விலகினார், அப்போது அவர் துணை முதலமைச்சர். இரு தரப்பும் சேர்ந்தால்தான் அரசு என்பதால் அரசு விழுந்தது. 2020 ஜனவரி வரை மூன்று ஆண்டுகள் துறைகளை அரசு ஊழியர்களே நடத்தினார்கள். மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் நீண்டது, பள்ளிகளில் பணம் போதவில்லை. அந்த ஊழியர்களைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்க ஒரு குழுவும் கூடவில்லை.