மழை பெய்யவே இல்லை, டென்ட் எப்படி நனைந்தது?

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவரும் நண்பரும் ஜனவரியில் ஒரே பைக்கில் ஏற்காடு போய், தெரிந்தவரின் காப்பித் தோட்டத்தில் அனுமதி வாங்கி, புல் தரையில் டென்ட் அடித்துத் தங்கியிருக்கிறார்கள். மேகமே இல்லாத வானம். ஒரு பொட்டு மழை இல்லை. விடிகாலை நாலு மணிக்கு முகத்தில் சொட்டு விழுந்து எழுந்தால், தலைக்கு மேலே துணியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி, ஸ்லீப்பிங் பேக் நனைந்து கிடக்கிறது. டென்ட் உறையில் ‘வாட்டர்புரூஃப் 3000 மி.மீ.’ என்று அச்சடித்திருந்ததாம். அடுத்த மாதம் நீண்ட பயணம் இருக்கிறது, 5000 மி.மீ. போட்ட டென்ட் வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்.

ஆகாது. அந்தத் துணி ஒழுகவே இல்லை. உள்ளே விழுந்த நீரை உள்ளே கொண்டுபோனவர்கள் அவர்கள் இருவரும்தான்.

முதலில் அந்த மி.மீ. கணக்கைச் சொல்லிவிடுகிறேன். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீரை நிரப்பிக்கொண்டே போனால், எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்போது துணி கசியத் தொடங்குகிறதோ அதுதான் அந்த எண். 3000 என்றால் மூன்று மீட்டர் நீரின் அழுத்தம். மேல்துணிக்கு அது தாராளம். தரைத்துணிக்கு மட்டும் கூடுதலாக இருந்தால் நல்லது, ஏனென்றால் ஈரத் தரையில் நாம் முழங்காலை ஊன்றும்போது அந்தச் சின்ன இடத்தில் அழுத்தம் பல மீட்டர் நீருக்குச் சமமாகிவிடும். வெளியிலிருந்து தண்ணீர் வராமல் தடுக்கும் கதை இவ்வளவுதான். கடைக்காரர்கள் இதைப் பெரிதாகச் சொல்வது, எண்ணாக எழுத முடிகிறது என்பதால்.

இப்போது உள்ளே வருவோம். மூச்சு வழியாகவும், வியர்வை என்று தெரியாமலே தோல் வழியாகவும் ஒரு மனிதர் ஒரு நாளில் இழக்கும் நீர் ஏறத்தாழ 800 மில்லிலிட்டர். எட்டு மணி நேரத் தூக்கத்துக்குக் கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கு அரை லிட்டர். இருவர் படுக்கும் டென்டின் உள்ளே இருக்கும் காற்று சுமார் இரண்டு கன மீட்டர். 12 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 10.7 கிராம் நீராவியைத்தான் வைத்துக்கொள்ளும். ஆக, மொத்த டென்டும் நிறைந்தாலே 21 கிராம் சொச்சம். மலைக்காற்றில் ஏற்கெனவே பெரும்பகுதி நீராவி இருக்கும் என்பதால் மீதி இடம் அதிலும் கொஞ்சம். அதற்குள் 500 கிராம் நீராவியை விடுகிறோம்! காற்றோட்டம் இல்லாவிட்டால் அது எங்கேயாவது படிந்தே ஆக வேண்டும்.

எங்கே படியும்? டென்டுக்குள் எது மிகக் குளிர்ந்திருக்கிறதோ அங்கே. இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஆசை வந்ததே அடுத்த பகுதிக்காகத்தான்: அந்த மேல்துணி, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து போகிறது. 12 டிகிரி காற்றுக்கு நடுவே நிற்கும் துணி, தெளிந்த இரவில் 8, 9 டிகிரிக்கு இறங்கிவிடும். ஐஸ் வைக்கவில்லை, விசிறவில்லை. பின் அந்தச் சூடு எங்கே போனது?

வானத்துக்குப் போனது. எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. 12 டிகிரியில் உள்ள ஒரு சதுர மீட்டர் துணி ஏறத்தாழ 370 வாட் வெளிவிடும். பகலோ இரவோ, இது நிற்பதே இல்லை. அறைக்குள் என்றால் சுவரும் கூரையும் அதே அளவு திருப்பித் தருவதால் நட்டமில்லை. திறந்த வெளியில் மேலே இருப்பது வானம். காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் கொஞ்சம் திருப்பித் தருகின்றன. ஆனால் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் வளிமண்டலம் ஏறக்குறைய கண்ணாடி. நம் துணி மிக அதிகமாகக் கதிர்வீசுவதும் அதே அலைநீளப் பகுதியில்தான். அந்த வழியாகப் போகும் கதிர் நேரே விண்வெளிக்குப் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. மொத்தத்தில் சதுர மீட்டருக்கு 70, 80 வாட் நட்டம். டென்ட் துணியின் எடையோ சதுர மீட்டருக்கு 60, 70 கிராம்தான். அதில் சேமித்து வைத்த வெப்பம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? சில நிமிடங்களில் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். பிறகு சுற்றியுள்ள காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு கொடுத்து அதை ஒரு நிலையில் நிறுத்தி வைக்கிறது. காற்று வீசினால் அந்தக் கொடுக்கல் கூடும், துணி அவ்வளவு குளிராது. மேகம் இருந்தால் மேகம் திருப்பித் தரும், அப்போதும் குளிராது. அசையாத காற்று, மேகமில்லாத வானம், இரண்டும் சேர்ந்த இரவில்தான் ஈரம் உச்சத்துக்குப் போகும். ஊர் சுற்றுகிறவர்கள் ‘அருமையான வானிலை’ என்று சொல்லும் அதே இரவு.

கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி யாரிடமாவது இருந்தால், ஜனவரியில் மேகமில்லாத இரவில் மொட்டைமாடிக்குப் போய் நேர் உச்சியைக் குறிபாருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். ஒரு மேகத்தைக் குறிபார்த்தால் எண் சட்டென்று ஏறும். டென்ட் இரவெல்லாம் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பது அப்போது புரியும்.

இதைக் கருவி ஏதும் பெரிதாக இல்லாத காலத்திலேயே கண்டுபிடித்தவர் லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ். அதுவரை, புல்லில் படியும் பனித்துளி வானிலிருந்து விழுகிறது என்று ஒரு கட்சி, தரையிலிருந்து எழுகிறது என்று இன்னொரு கட்சி. அவர் நாலரை அடி நீளம், இரண்டடி அகலம், ஓரங்குலத் தடிமன் உள்ள ஒரு பலகையை நான்கு மெல்லிய கால்களின் மேல் நாலடி உயரத்தில் நிறுத்தினார். பலகையின் மேலே 10 கிரெய்ன் கம்பளி, அதாவது அரை கிராமுக்குச் சற்று அதிகம். அடிப்பக்கத்தில் அதே அளவு கம்பளி. இரண்டுக்கும் இடையே ஓரங்குலம்தான், சுற்றியிருப்பதும் ஒரே காற்று. ஓர் இரவு கழித்து எடை போட்டால் மேல் கம்பளி 14 கிரெய்ன் ஏறியிருந்தது, கீழ்க் கம்பளி 4 கிரெய்ன்தான். வானத்தைப் பார்க்கிற கம்பளி குளிர்ந்தது, அதனால் நனைந்தது. பலகையைப் பார்க்கிற கம்பளிக்குப் பலகை வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்தது. குளிர்ச்சி முதலில், ஈரம் அதன் பிறகு என்பதை வெப்பமானி வைத்து உறுதி செய்து 1814-இல் வெளியிட்டார். ஒரு பலகை, கொஞ்சம் கம்பளி, ஒரு தராசு! அறிவியல் வரலாற்றில் இதைவிட அழகான சோதனைகள் மிகச் சிலவே என்பது என் எண்ணம்.

நம் நாட்டில் இதைக் கைத்தொழிலாகவே செய்துவந்திருக்கிறார்கள். அலகாபாத்தில் ஐஸ் தயாரித்த முறையை ராபர்ட் பார்க்கர் 1775-இல் எழுதி வைத்திருக்கிறார். ஆழமில்லாத குழி வெட்டி, அதில் கரும்புத் தட்டையோ காய்ந்த சோளத்தட்டையோ கனமாகப் பரப்பி, அதன்மேல் மெல்லிய மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். சோளத்தட்டை தரையின் சூட்டை மறைத்துவிடும், தட்டுகள் வானத்தை மட்டும் பார்க்கும். காற்று உறைநிலையைத் தொடாத இரவிலும் விடியும் முன் ஐஸ் கட்டிவிடும். நீர் ஆவியாவதால்தான் உறைகிறது என்று பலரும் நினைத்தபோது, கதிர்வீச்சே முதன்மைக் காரணம் என்று விளக்கியவரும் வெல்ஸ்தான்.

அடுத்த முறை வெளியில் தங்கும்போது விடிந்ததும் பைக்கைத் தொட்டுப் பாருங்கள். சீட்டின் மேல்பக்கமும் டேங்கின் முதுகும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். டேங்கின் அடிப்பக்கம் காய்ந்திருக்கும். வெல்ஸின் பலகை அதுதான்.

சரி, இதை வைத்து டென்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? அந்தப் பலகையை நமக்கும் வானத்துக்கும் நடுவில் வைத்துவிட வேண்டும். இரட்டை அடுக்கு டென்ட் என்பது இதைத்தான் செய்கிறது. வெளியே நீர் புகாத துணி. அதிலிருந்து நான்கு விரல் தள்ளி, உள்ளே கொசுவலைத் துணியால் ஆன அறை. வெளித்துணி வானத்தைப் பார்த்துக் குளிர்கிறது. உள்வலை பார்ப்பது வெளித்துணியை மட்டும்தான் என்பதால் அது அவ்வளவு குளிராது. நம் மூச்சு வலையைத் தாண்டிப் போய் வெளித்துணியில் படிந்து, சோற்றுப்பானை மூடியின் உள்பக்கத்தில் நீர் இறங்குகிற மாதிரி, சரிவு வழியே ஓரத்துக்கு வடிந்துவிடும். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தாலும் வலை தாங்கிக்கொள்ளும். வெளித்துணி உள்துணியோடு எங்கேயும் ஒட்டக் கூடாது, ஒட்டினால் அந்த இடத்தில் ஈரம் உள்ளே வந்துவிடும். கயிறுகளை இழுத்து முளையடித்து விறைப்பாக வைப்பது இதற்காகவும்தான். நைலான் ஈரத்தில் தொய்யும், பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. வெயிலையும் அதுவே நன்றாகத் தாங்கும். நம் ஊருக்கு நான் பாலியெஸ்டரையே சொல்வேன்.

வாசகர் அனுப்பிய படத்தில் இருப்பது ஒற்றைத் துணி டென்ட். உச்சியில் தொப்பி மாதிரி ஒரு சின்ன மூடி மட்டும் உண்டு. வீசி எறிந்தால் தானே விரிகிற வகைகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான். மடித்தால் பெரிய வட்டத்தட்டாக நிற்பதால் பைக்கில் கட்டவும் முடியாது. ‘மூச்சுவிடும் துணி’ என்று விலையுயர்ந்த ஒற்றை அடுக்கு டென்டுகள் வருகின்றன. உள்ளே ஈரமாகவும் வெளியே வறண்டும் இருந்தால்தான் நீராவி அந்தத் துணியைக் கடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காற்றில் அதற்கு வேலை குறைவு.

காற்றுப்போக்கி மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே வெளியேற, கீழிருந்து புதிய காற்று உள்ளே வரும். குளிருகிறது என்று எல்லாவற்றையும் இழுத்து மூடுகிறவர்கள்தான் அதிகம் நனைகிறார்கள். குளிருக்கு ஸ்லீப்பிங் பேக் இருக்கிறது, ஜிப்பைத் திறந்தே வையுங்கள். டென்டுக்குள் அடுப்போ கரியோ மூட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நீராவி கூடுவது ஒருபுறம், கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

பைக்கில் போகிறவருக்கு இன்னொரு பிரச்சினை உண்டு, நடந்து போகிறவருக்கு அது குறைவு. மழையில் ஓட்டி வந்த ஜாக்கெட், பூட்ஸ், கையுறை, இரண்டு ஹெல்மெட். ஒரு நனைந்த ரைடிங் ஜாக்கெட்டே தாராளமாக அரை லிட்டர் நீரை வைத்திருக்கும். அதை உள்ளே கொண்டுபோனால், கூடுதலாக ஒருவர் படுத்திருப்பதைவிட மோசம். ஆகவே வாசல் முன்னால் மூடிய திண்ணை போல இடம் விட்ட டென்ட் வேண்டும். இருவருக்கு மூவர் டென்ட் வாங்குங்கள். மடித்த நீளம் 45 செ.மீ. அளவில் இருந்தால் சேடில் பேக்கிலோ கேரியரில் குறுக்காகவோ நிற்கும். எடை மூன்று கிலோ என்றாலும் கவலையில்லை, சைலன்சர் பக்கம் மட்டும் தொங்கக் கூடாது.

இடம் பார்க்கும்போது ஓடைக்கரைப் பள்ளத்தைத் தவிர்த்து, கொஞ்சம் மேட்டில், ஒரு மரத்தின் விரிந்த கிளைகளுக்குக் கீழே அடிக்கலாம். இலைகள் வானத்தை மறைத்து வெப்பத்தைத் திருப்பித் தரும். இதைச் சொன்னால், புளியமரத்தடியில் இரவு படுத்தால் பேய் அமுக்கும் என்பார்கள். இப்போது அதற்கு அறிவியல் சட்டை மாட்டி, ‘மரம் இரவில் கரியமில வாயு விடுகிறது, மூச்சு முட்டும், முன்னோர்கள் சும்மா சொல்லவில்லை’ என்று பரப்புகிறார்கள். திறந்த வெளியில் அந்த வாயு கலைந்துபோய்விடும், மூச்சு முட்டாது. மூடநம்பிக்கையைவிட இந்த மாதிரி அரைகுறை விளக்கம்தான் எனக்கு அதிகம் வருத்தம் தருகிறது, ஏனென்றால் அதைச் சொல்பவர் பெரும்பாலும் படித்தவர். மரத்தடியில் பார்க்க வேண்டியது தலைக்கு மேல் காய்ந்த கிளை இருக்கிறதா என்பதுதான்.

லடாக் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 4500 மீட்டர் உயரத்து ஹான்லேயில் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தொலைநோக்கி வைத்திருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அங்கே வானில் நீராவி மிகக் குறைவு, அகச்சிவப்புக் கதிர் தடையில்லாமல் வந்து சேரும். வருகிற வழியேதான் போகிற வழியும். உங்கள் டென்டின் சூடும் தடையில்லாமல் வெளியேறும். காற்றழுத்தமும் கடற்கரையில் இருப்பதில் 60 சதவீதத்துக்குக் குறைவு என்பதால், துணிக்குச் சூட்டைத் திருப்பித் தர அந்தக் காற்றுக்கு வலுவில்லை. அதனால் மூச்சு துணியில் உறைபனியாகவே ஒட்டும். வெயில் பட்டதும் மொத்தமாக உருகிக் கொட்டும். எழுந்ததும் வெளித்துணியை உதறிவிட்டால் பனித்தூளாக விழுந்துவிடும். தரை கல்லாக இருப்பதால் முளை இறங்காது, கம்பிகளின் பலத்திலேயே தானாக நிற்கும் வகை தேவை.

இதே கதிர்வீச்சை வைத்துத்தான் குஜராத்தின் கட்ச் பகுதியில் கோத்தாராவில் பனிநீர் அறுவடை செய்தார்கள். வெல்ஸுக்குச் சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 2014-இல், ஸ்டான்போர்டில் நேர் வெயிலிலேயே காற்றைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ந்து நிற்கும் பரப்பைச் செய்து காட்டினார்கள். மின்சாரமில்லாமல் கூரையைக் குளிர்விக்கும் வழி அது. ஈரக்காற்றில் இந்தக் குளிர்ச்சி குறையும் என்பதால் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் என்ன செய்யலாம் என்பதை இங்கேதான் ஆராய வேண்டும். அதற்குப் பல கோடி தேவையில்லை. ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரி இயற்பியல் துறைக்குச் சில லட்சம் கொடுத்தால், மொட்டைமாடியில் மாணவர்கள் ஆண்டு முழுக்க அளந்து தள்ளுவார்கள். அந்தச் சில லட்சம் கிடைப்பதுதான் கடினமாக இருக்கிறது.

கடைசியாக, வாங்கிய டென்டைப் பரணில் போடாதீர்கள். பெரும்பாலான டென்ட் துணிகளின் உள்பூச்சு பாலியூரிதேன். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது வேதிமாற்றமடைந்து பிசுபிசுத்து, ஒரு புளித்த வாடையோடு உரிந்துவிடும். பூச்சு போன பிறகு 3000 என்ற எண்ணுக்கு மதிப்பே இல்லை. வீட்டுக்கு வந்ததும் நிழலில் முழுதாக உலர்த்தி, இறுக்கமான உறையில் திணிக்காமல் ஒரு பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு, படுக்கையறை அலமாரியில் வையுங்கள்.