டவுன்லோட் பண்ண ஃபைலோட முதுகுல ஒரு சீட்டு

"அட்டாச்மென்ட்ட திறக்கவே இல்ல, டவுன்லோட் மட்டும் தான் பண்ணேன், வைரஸ் வந்திருக்குமா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரும்பாலும் வராது. டிஸ்க்ல கிடக்கிற வரைக்கும் அது வெறும் பைட்டுங்க, அதுல இருக்கிற கட்டளைய ஏதாவது ஒண்ணு ஓட்டினாதான் வேலை நடக்கும், அந்த ஓட்டுற வேலைய முக்கால்வாசி நேரம் நாமளே டபுள் கிளிக் பண்ணி செஞ்சு குடுத்துடறோம். 1994ல 'குட் டைம்ஸ்'னு தலைப்பு போட்ட மெயில படிச்சாலே ஹார்ட் டிஸ்க் அழிஞ்சிடும்னு ஒரு புரளி ஓடிச்சு, அப்படி ஒரு வைரஸே கிடையாது. இந்த மாதிரி பயத்த ஃபார்வர்ட் பண்றத மூடநம்பிக்கைன்னு தான் சொல்வேன், நிஜ ஆபத்து எங்க இருக்குன்னு பாக்க விடாம பண்ணிடுது.

நிஜமானது 2000 மே மாசம் வந்த ஐலவ்யூ வைரஸ். ஃபைல் பேர் 'டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்'னு முடியும், டிஎக்ஸ்டின்னா டெக்ஸ்ட், விபிஎஸ்னா ஓடக்கூடிய ஸ்கிரிப்ட். ஃபைல் வகைய சொல்ற இந்த வால் தான் எக்ஸ்டென்ஷன், விண்டோஸ் கடைசி எக்ஸ்டென்ஷன மறைச்சிடறதால பாத்தவங்களுக்கு சாதா டெக்ஸ்ட் ஃபைலா தெரிஞ்சுது, கிளிக் பண்ணதும் அவுட்லுக் அட்ரஸ் புக்ல இருந்த எல்லாருக்கும் தன்னையே அனுப்பிக்கிச்சு. இன்னைக்கும் விண்டோஸ் அப்படி மறைச்சு தான் வருது, ஃபைல் எக்ஸ்ப்ளோரர் வியூ மெனுல போய் எக்ஸ்டென்ஷன காட்ட சொல்லிடுங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இனிமே தான். விண்டோஸ் டிஸ்க்ல ஃபைல்கள அடுக்கி வெக்கிற முறைக்கு என்டிஎஃப்எஸ்னு பேர். அதுல ஒரே ஃபைலுக்குள்ள ஒண்ணுக்கு மேல டேட்டா ஸ்ட்ரீம், அதாவது தனித்தனி டேட்டா பகுதி, வெச்சுக்கலாம், நாம திறந்தா தெரியறது முதல் ஸ்ட்ரீம் மட்டும், எக்ஸ்ப்ளோரர் காட்டுற சைஸும் அதோடது தான். நெட்ல இருந்து ஃபைல் இறங்கும்போது பிரவுசரோ மெயில் ப்ரோகிராமோ 'ஸோன் ஐடென்டிஃபயர்'னு ஒரு குட்டி ஸ்ட்ரீம கூடவே எழுதி வெச்சிடும், முதுகுல சீட்டு ஒட்டின மாதிரி. அதுல ஸோன் ஐடி 3ன்னு இருக்கும், 3ன்னா இன்டர்நெட். இத பாத்து தான் வேர்ட் அந்த ஃபைல ப்ரொடெக்டட் வியூல, அதாவது படிக்க மட்டும் விடற மாதிரி, திறக்குது, எக்ஸ்இ ஃபைலா (ப்ரோகிராமா) இருந்தா விண்டோஸோட பாதுகாப்பு சோதனையான ஸ்மார்ட்ஸ்க்ரீன் பாத்து, தெரியாததா இருந்தா தடுக்குது, 2022லேர்ந்து ஆஃபீஸ் இந்த சீட்டு இருக்கிற ஃபைல்ல மேக்ரோவ (டாக்குமென்ட்டுக்குள்ளயே இருக்கிற குட்டி ப்ரோகிராம) சாதாரணமா ஓட விடறதில்ல. கமாண்ட் ப்ராம்ப்ட்ல 'டிர்' போட்டு ஸ்பேஸ் விட்டு '/ஆர்' அடிச்சா (கீபோர்டுல இங்கிலீஷ்ல தான்) அந்த சீட்டு கண்ணுக்கே தெரியும், ஒரு தடவ அடிச்சு பாருங்க, அவ்ளோ அழகு!

ஆனா சீட்டு கழண்டும் போகும். எஃப்ஏடி32ன்னு வேற முறையில ஃபைல வெக்கிற பென்டிரைவ்ல இந்த மாதிரி கூடுதல் ஸ்ட்ரீமுக்கு இடமே இல்ல, அதுல காப்பி பண்ணா போச்சு. மேக்ரோ அடைபட்டதும் வைரஸ் அனுப்பறவங்க ஐஎஸ்ஓ ஃபைலுக்கு (ஒரு முழு டிஸ்க்கோட நகல ஒரே ஃபைலா அடைச்சது) தாவினாங்க, ஏன்னா உள்ள இருக்கிற ஃபைல்களுக்கு சீட்டு வரல, அந்த ஓட்டைய விண்டோஸோட 2022 நவம்பர் அப்டேட்ல தான் அடைச்சாங்க. அப்டேட்ட தள்ளி போடறவங்க இத கொஞ்சம் கவனிங்க. ஜிப்ப பிரிக்கிற சில சாஃப்ட்வேரும் சீட்ட உள்ள கொண்டு போகாது.

பாஸ்வேர்ட் போட்ட ஜிப் வந்து, பாஸ்வேர்டும் அதே மெயில்லயே இருந்தா ரொம்ப சந்தேகப்படணும், மெயில் சர்வர்ல இருக்கிற ஸ்கேனர் உள்ள பாக்க கூடாதுன்னே அப்படி பூட்டி அனுப்பறாங்க. அனுப்பினவருக்கு போன் போட்டு கேளுங்க. அந்த மெயிலுக்கே ரிப்ளை போட்டு கேக்காதீங்க, அவரோட அக்கவுன்ட் வேற ஒருத்தன் கையில இருந்தா "ஆமா, நான் தான் அனுப்பினேன்"னு அவனே பதில் போட்டுடுவான்.