அல்டிமேட் ஃபிரிஸ்பீ: இந்தப் பேர் எங்க இருந்து வந்துச்சு, தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

அமெரிக்காவுல அட்லாண்டா சோல்னு ஒரு டீம் இருக்கு. பொண்ணுங்களோட தொழில்முறை அல்டிமேட் ஃபிரிஸ்பீ டீம், அதாவது பிளாஸ்டிக் தட்ட வீசி ஆடுற ஆட்டம். இத தமிழ்ல எழுத உக்காந்தா ‘ஃபிரிஸ்பீ’ங்கிற இடத்துலயே கை நின்னுடுது, ஏன்னா அது ஒரு பேக்கரிக்காரரோட குடும்பப் பேரு.

கனெக்டிகட் மாநிலத்துல பிரிட்ஜ்போர்ட்னு ஒரு ஊர், அங்க 1871ல வில்லியம் ரஸ்ஸல் ஃபிரிஸ்பீ ஆரம்பிச்ச கம்பெனி, பழம் வச்சு அடுப்புல சுடுற ‘பை’ங்கிற பலகாரத்த தகரத் தட்டுல வச்சு வித்துச்சு. தின்னு முடிச்சதும் யேல் பல்கலைக்கழகப் பசங்க அந்தக் காலித் தட்ட வீசி வெளையாடுவாங்க, எதிர்ல வர்றவங்க தலையில பட்டுடக் கூடாதுன்னு ‘ஃபிரிஸ்பீ!’ன்னு கத்துவாங்கன்னு சொல்வாங்க. இன்னொரு பக்கம் கலிஃபோர்னியாவுல ஃப்ரெட் மோரிசன்னு ஒருத்தர், 5 சென்ட் கேக் தட்ட பீச்சுல வீசிட்டிருந்தப்போ அத 25 சென்ட் குடுத்து ஒருத்தர் வாங்கிக்கிட்டாராம், அதுல புடிச்ச யோசனைதான் பின்னாடி பிளாஸ்டிக் தட்டாச்சு. பறக்கும் தட்டு மோகம் உச்சத்துல இருந்த நேரம்ங்கிறதால ‘புளூட்டோ பிளேட்டர்’னு பேர் வச்சாரு. 1957ல வாம்-ஓங்கிற பொம்மைக் கம்பெனி அத வாங்கி ‘ஃபிரிஸ்பீ’ன்னு மாத்துச்சு, இங்கிலீஷ் எழுத்த மட்டும் கொஞ்சம் மாத்தி: பேக்கரிக்காரர் Frisbie, தட்டு Frisbee.

அந்தப் பேர் வாம்-ஓவோட டிரேட்மார்க். அதனாலதான் ஆடுறவங்க பெரும்பாலும் வெறும் ‘அல்டிமேட்’னு சொல்வாங்க, கையில இருக்குறது ‘டிஸ்க்’. 1968ல நியூஜெர்சி மேப்பிள்வுட்ல கொலம்பியா ஹைஸ்கூல் பசங்க உருவாக்குன ஆட்டம் இது, அவங்கள்ல ஒருத்தர் பின்னாடி ஹாலிவுட்ல பெரிய தயாரிப்பாளரான ஜோயல் சில்வர். பக்கத்துக்கு ஏழு பேர், டிஸ்க் கையில இருந்தா ஓடக் கூடாது, பத்து எண்ணுறதுக்குள்ள வீசியாகணும்.

அல்டிமேட்னா நம்மாளுங்களுக்கு அஜித்தோட பழைய பட்டம்தான் ஞாபகம் வரும். லத்தீன் வேர்ல அதுக்கு ‘கடைசி’ன்னு அர்த்தம், ஆனா ‘இறுதி ஆட்டம்’னு மாத்துனா ஃபைனல் மேட்ச்சுன்னு நினைச்சுக்குவாங்க. அத அப்படியே விட்டுடலாம். மாத்த வேண்டியது ஃபிரிஸ்பீயத்தான்.

பெசன்ட் நகர் பீச்சுல இத ஆடுறத வேடிக்க பாக்குற சின்னப் பசங்க ‘தட்டு’ன்னுதான் சொல்றாங்க. நல்ல சொல்தான், ஆனா ‘பறக்கும் தட்டு’ன்னு எழுதுனா வேற்றுகிரகம் வந்துடும். எனக்கு ‘வட்டு’ புடிச்சிருக்கு. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ்ல வட்டெறிதல் இருக்கு, சிடிக்கு குறுவட்டு இருக்கு, அதுக்கெல்லாம் முன்னாடியே திருக்குறள் 401ல ‘வட்டாடி’ன்னு வருது, அங்க அது கட்டம் போட்டு ஆடுற காய், ஆனாலும் வட்டும் ஆட்டமும் நம்ம மொழியில எப்பவோ சேர்ந்த ஜோடி.

எறியா வீசான்னு கேட்டா வீசுதான். அதே பீச்சுக்குப் பக்கத்துக் குப்பத்துல வீச்சு வலை போடுறவர கவனிச்சுப் பாருங்க, உடம்பத் திருப்பி கடைசி நொடியில மணிக்கட்டச் சுழட்டி விடுவாரு, வலை வட்டமா விரிஞ்சு போய் விழும். டிஸ்க்கும் அப்படித்தான், கட்டவிரல் மேல, மத்த விரலெல்லாம் விளிம்புக்கு அடியில, மணிக்கட்டுச் சுழற்சி இல்லேன்னா அந்த 175 கிராம் தட்டு ஆடி ஆடி பக்கத்துலயே விழுந்துடும். அதனால ‘வீசுவட்டு’. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, வீசின வட்டு வீசுற வட்டு வீசப்போற வட்டு மூணும் அதுக்குள்ள இருக்கு.

‘தொழில்முறை’ங்கிற சொல்ல மட்டும் கொஞ்சம் கவனமா படிக்கணும். இந்தப் பொண்ணுங்கள்ல நிறைய பேருக்கு வயித்துப்பாட்டுக்கு வேற வேலை இருக்கு. ஆம்பளைங்க லீக் 2012லயே வந்துடுச்சு, பெண்களுக்கும் சம இடம் குடுக்கலேன்னா ஆட மாட்டோம்னு நிறைய வீரர்களே சேர்ந்து அந்த லீக்கோட 2018 சீசன புறக்கணிச்சாங்க. அதுக்கு அடுத்த வருஷம் அட்லாண்டா சோல் ஆடுற பெண்கள் லீக்கான பிரீமியர் அல்டிமேட் லீக் மொத சீசன் ஆடுச்சு, கொலம்பியா நாட்டுலேந்து வந்த மெடலின் ரெவல்யூஷன் கப்ப தூக்கிட்டுப் போச்சு. பெண்கள் லீக்னு சொன்னாலும் திருநங்கைகளுக்கும் ரெண்டு பாலுக்குள்ளயும் அடங்காதவங்களுக்கும் அங்க இடம் உண்டு.

இனிமே நான் எழுதுறது இப்படித்தான்: அட்லாண்டா சோல், தொழில்முறை மகளிர் அல்டிமேட் வீசுவட்டு அணி.