வேலைக்குப் போகும் பெற்றோர் எல்.எல்.பி. சேருமுன்: விதிகள் சொல்வது என்ன?

பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்து, வேலையும் பிள்ளைகளுமாக இருக்கும் நிலையில் 3 ஆண்டு எல்.எல்.பி. படிக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது வயதைப் பற்றித்தான். அதில் பெரிய சிக்கல் இல்லை. சட்டக் கல்வியையும் வழக்கறிஞர் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் 2016-இல் மீண்டும் கொண்டுவந்த 30 வயது வரம்பை உச்ச நீதிமன்றம் 2017 மார்ச் மாதம் நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் இப்படிப்புக்கு வயது வரம்போ நுழைவுத் தேர்வோ கிடையாது. பட்டப்படிப்பில் பொதுப் பிரிவினர் 45, பிற்படுத்தப்பட்டோர் 42, பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் 40 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும் என்பது பார் கவுன்சிலின் குறைந்தபட்ச அளவு. அஞ்சல் வழியில் படித்த பட்டமும் செல்லும். ஆனால் பள்ளிக் கல்வியை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் செல்லாது.

உண்மையான கேள்வி நேரம்தான். 2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளின்படி எல்.எல்.பி. ஒரு முழுநேரப் படிப்பு. அஞ்சல் வழியில் அதைப் படிக்க முடியாது. நாளொன்றுக்குத் தொடர்ச்சியாக 5 மணி நேரம், அதற்கு மேல் அரை மணி இடைவேளை, வாரத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் என்று விதி வகுத்திருக்கிறது. முழு உறைவிடக் கல்லூரியாக இல்லாத கல்லூரிகளில் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் வகுப்பு நடத்தலாம். அலுவலகம் முடிந்து வந்து படிக்கும் இரவு வகுப்புக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை என்பதை முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது. இதோடு, 3 ஆண்டுகளில் மொத்தம் 12 வாரம் வழக்கறிஞர்களிடமோ நீதிமன்றம் சார்ந்த அமைப்புகளிலோ களப் பயிற்சி பெற வேண்டும்.

வருகைப் பதிவு 70 விழுக்காடு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படும் கணக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பாடத்துக்கு ஒரு பருவத்தில் 60 வகுப்புகள் என்று வைத்துக்கொண்டால் 42-க்கு வந்திருக்க வேண்டும், விடக்கூடியது 18 மட்டுமே. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவதால் தினமும் முதல் மணி தவறிப்போகிறவருக்கு மற்ற பாடங்களில் வருகை நிறைந்திருந்தாலும், அந்த ஒரு பாடத்தில் எண்ணிக்கை விழுந்துவிடும். காய்ச்சல், பொதுத்தேர்வு, பெற்றோர் கூட்டம் எல்லாம் அந்தப் பதினெட்டுக்குள்தான் அடங்க வேண்டும். விதிவிலக்கான காரணம் இருந்து, அந்தப் பாடத்தில் 65 விழுக்காடும் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 விழுக்காடும் வருகை இருந்தால், கல்லூரி முதல்வர் தேர்வெழுத அனுமதிக்கலாம். அது அவரது விருப்புரிமை, மாணவரின் உரிமையன்று.

பெயரைப் பதிந்துவிட்டுத் தேர்வுக்கு மட்டும் போய்வரலாம் என்று வெளி மாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லும் முகவர்கள் உண்டு. அவர்களை நம்பாதிருப்பதே மேல். பார் கவுன்சில் 2024 செப்டம்பரில் அனுப்பிய சுற்றறிக்கை, கல்லூரிகளில் கைரேகை வருகைப் பதிவையும் கண்காணிப்புக் கேமராவையும் கட்டாயமாக்கியது. படிக்கும் காலத்தில் வேலையில் இருப்பவர் அதைத் தெரிவித்து, பணி வழங்குபவரின் தடையின்மைச் சான்றையும் காட்ட வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை கூறுகிறது. ஆகவே சேர்க்கை விண்ணப்பத்துக்கு முன்பே அலுவலகத்தில் எழுத்துபூர்வ அனுமதி கேட்பதுதான் முறை. வாய்மொழிச் சம்மதம் பின்னாளில் உதவாது.

மத்திய அரசு ஊழியர்கள் விடுப்பு விதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்வி விடுப்பு பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்துப் பொதுவாக 24 மாதம்தான், அதுவும் வகிக்கும் பணியோடு நெருங்கிய தொடர்புள்ள படிப்புக்கு. 3 ஆண்டுப் படிப்பு அதற்குள் அடங்காது. பெண் ஊழியர்களுக்கும் தனித்துப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் கிடைக்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பிள்ளையின் தேர்வு, நோய் போன்ற தேவைகளுக்கானது. சொந்தப் படிப்பைக் காரணம் காட்டி அதைக் கேட்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு பட்டம் எதற்காக என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பார் கவுன்சில் விதி 49-இன்படி, வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. பதிவு செய்த பின் வேலையில் சேர்ந்தால் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். பதவி உயர்வுக்காகவோ, இருக்கும் வேலையில் சட்ட அறிவு தேவைப்படுவதாலோ படிப்பவரை இது பாதிக்காது. வக்கீலாக வேண்டும் என்பவருக்கோ மாதச் சம்பளம் நிற்கப்போவது உறுதி, அது படிக்கும்போதா முடித்த பிறகா என்பது மட்டுமே அவர் கையில் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் வருமானம் சீராக வராத தொழில் இது என்பதால், பிள்ளைகளின் கல்விச் செலவு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளோடு அந்தக் காலம் மோதுமா என்று இப்போதே கணக்குப் போட்டுப் பார்ப்பது என் பார்வையில் கல்லூரித் தேர்வை விட முக்கியம்.

வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணம் பற்றிய கவலை ஓரளவு தீர்ந்துவிட்டது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் குறிப்பிடும் தொகையான 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் இனத்தவரிடமும் பழங்குடியினரிடமும் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக்காக வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. வழக்கறிஞராகத் தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்விலும் தேர்ச்சி பெற வேண்டும்.